சீழ் பிடிக்காத புண்

ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவர்களுக்கு ரிசல்ட் விசித்திரமாக வந்தால் முதலில் மிஷின் மேல் சந்தேகம் வரும், அப்புறம் தன் மேலேயே வரும். என்னோடு ஊசி பிடிக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் கதையும் இதுதானே?

எழுபதாயிரம்

எங்கள் லேப் சின்ன காஞ்சிபுரத்தில். முசரவாக்கத்திலிருந்து மகேஸ்வரி தன் நாற்பது நாள் ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காய்ச்சல். தொப்புள்கொடி இன்னும் விழவில்லை, சுற்றிலும் சிவந்து புண்ணாகியிருந்தது. ரத்தத்தை மிஷினில் ஓட்டினேன், வெள்ளை அணுக்கள் எழுபதாயிரம்! இருபதாயிரமே அதிகம். மிஷினைக் கழுவி மறுபடி ஓட்டினேன், அதே எழுபதாயிரம். புற்றுநோயோ என்று கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தேன். இல்லை, எல்லாம் கிருமியோடு சண்டை போடும் சாதாரண அணுக்கள்தான். எதற்கும் இன்னொரு தடவை ரத்தம் எடுக்கலாமென்று ஊசியோடு போனேன். மகேஸ்வரி பொரிந்தாள்.

“புள்ள கத்திக்கினே இருக்குது, மொதல்ல உன் மிஷினுக்கு ஊசி போடுமா!”

ஒரு சொட்டு கூட இல்லை

ரிப்போர்ட்டைப் பார்த்த குழந்தை டாக்டர் புண்ணிலிருந்து சீழ் எடுக்கச் சொன்னார். பஞ்சுக்குச்சியோடு தேடினேன். சீழே இல்லை. கிருமியோடு மோதிச் செத்த வெள்ளை அணுக்கள்தானே சீழ்? ரத்தத்தில் அவ்வளவு கூட்டம் இருந்தும் புண்ணுக்கு ஒன்றுகூட வரவில்லையா? எனக்கு எடுக்கத் தெரியவில்லை என்று நினைத்து, பயந்துகொண்டே டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“உன் மேல தப்பில்லமா, சீழ் இல்லாததுதான் இங்க வியாதி.”

கைப்பிடி

சென்னையில் செய்த பரிசோதனையில் விஷயம் தெரிந்தது. வெள்ளை அணுவின் மேல் கைப்பிடி மாதிரி ஏற்பி என்றொரு புரதம் இருக்குமாம். அதனால்தான் அணு ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்து நின்று, வெளியே வந்து, கிருமியிருக்கும் இடத்துக்குப் போகும். இந்தக் குழந்தைக்கு அது பிறவியிலேயே இல்லை. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையையே மாற்றாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். மகேஸ்வரி அழுதாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் குமார் டாக்டரிடம் கேட்டான்.

“வண்டி ஃபுல்லா ஆளு இருக்குது, ஸ்டாப்பிங்ல யாராலயும் எறங்க முடியல... அதான சார்?”

குரூப் மாறிப்போச்சு

ஆறு வயது அக்கா திவ்யாவின் மஜ்ஜை பொருந்தியது, அதையே எடுத்துத் தம்பிக்கு ஏற்றினார்கள். ஒரு வருஷம் கழித்து பையன் நடந்தே லேபுக்கு வந்தான். ரத்த வகை பார்த்தேன்: பி பாசிட்டிவ். பழைய ரிப்போர்ட்டில் ஓ பாசிட்டிவ்! அன்றைக்குத் தப்பா, இன்றைக்குத் தப்பா? திரும்பவும் பார்த்தேன். பி-தான். தயங்கித் தயங்கிச் சொன்னதும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த திவ்யா என்னை முறைத்தாள்.

“அது என்னோட குரூப்பு ஆன்ட்டி, நான்தான் குடுத்தேன்!”

இத்தனை வருஷத்தில் நான் சந்தேகப்படாமல் கொடுத்த ரிப்போர்ட்டைவிட, தலையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்த ரிப்போர்ட்தான் பெரும்பாலும் சரியாக இருந்திருக்கிறது.