மரியாதைக்கு ஒரு கஸ்மாலம்

எனக்கு மெட்ராஸ் தமிழ் கற்றுத் தந்தவர்கள் ரவுடிகள். நேரில் அல்ல, வீடியோவில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறைக்குள் அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நாலு பேரும் அடைந்து கிடந்த காலம். கீழே மனேஜர் ஓயாமல் தமிழ்நாட்டுப் படம் போடுவார். கோடு போட்ட பனியன், கழுத்தில் கைக்குட்டை, கத்தியை எடுக்கும்போதே தன் விரலை வெட்டிக்கொள்ளும் சிரிப்பு ரவுடிகள். யாரைக் கண்டாலும் அவர்கள் முதலில் சொல்வது 'கஸ்மாலம்'. கேட்டவர்களெல்லாம் கைகட்டி நின்றதால், அது 'ஐயா' போல ஒரு மரியாதைச் சொல் என்று எட்டு வயதில் ஆராய்ந்து முடிவு கட்டியிருந்தேன். என் ஆராய்ச்சிகளின் தரம் இன்றுவரை அதுதான்.

மாத முடிவில் லொட்ஜைக் காலி செய்ய வேண்டும். ஏழு வீடு பார்த்தும் சரிவரவில்லை. எட்டாவது, கடற்கரைப் பக்கம் ஒரு மேல்மாடி. வீட்டுக்காரம்மா மெட்ராஸிலிருந்து கொழும்பு வியாபாரி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். புகுந்த வீட்டார் நாற்பது வருடமாக அவர் பேச்சைத் திருத்தித் திருத்தி வந்ததில், வானொலிச் செய்தி மாதிரியே பேசுவார்.

"மன்னிக்க வேண்டும். குழந்தைகள் உள்ள குடும்பத்திற்கு நான் வீடு தருவதில்லை."

"எங்கடை பிள்ளையள் சத்தமே போடாதுகள், அம்மா" என்றார் அப்பா. அந்த நேரம் பார்த்துத் தம்பி உட்கார்ந்திருந்த கதிரையோடு விழுந்தான்.

அம்மா போவதற்கு எழும்பிவிட்டார். அப்பா அம்மாவுக்கு மெட்ராஸ் பாஷை தெரியாததுதான் பிரச்சினை என்று எனக்குப் பட்டது. முன்னால் போய்க் கைகூப்பி, மிகுந்த பணிவோடு சொன்னேன்:

"இன்னா கஸ்மாலம், சொம்மா பேஜார் பண்ற? ஊட்ட குடுத்துட்டு நடையக் கட்டு!"

"ஐயோ, இதை எங்கையடி படிச்சனி?" என்று அம்மா என் தொடையில் கிள்ளினார். அப்பா செருப்பைத் தேடினார், போட்டுக்கொள்ளத்தான்.

வீட்டுக்காரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் நெடுநேரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா வாயி பாரு இத்துக்கு!"

வானொலியில் வராத குரல் அது. உள்ளே போய், மேல்மாடிச் சாவியைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தார். ஒரே நிபந்தனை: பின்னேரங்களில் நான் கீழே வந்து அவரோடு கதைக்க வேண்டும்.

போனேன். தெரிந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இன்னொரு தபா சொல்லு" என்பார். சொன்னால், மறுபடியும் "இன்னொரு தபா."

பாவம், வயசாகிவிட்டது, காது மந்தம் என்று நினைத்து, நான் இன்னும் உரக்கத் திட்டினேன்.