இரண்டு பேர் சீட்

போன திங்கட்கிழமை தேனியில் ஒரு குழந்தையின்மை சிகிச்சை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் உமக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள்... துணைக்குப் போனேன் ஐயா, துணைக்கு!

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் தம்பி மகன் பாண்டிக்கும் கவிதாவுக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம். "டாக்டர் இங்கிலீஷ்ல எதையாச்சும் சொல்லிருவாக, நீங்க வாங்க பெரியப்பா" என்று கூட்டிப் போனான். பஸ்ஸில் மூன்று பேர் சீட். ஜன்னலோரம் எனக்கு. என் காதில் காற்று போகுமே என்று வழியெல்லாம் அவர்களுக்குக் கவலை.

ஹாலில் முப்பத்தாறு நாற்காலி. எண்ணாமல் இருக்க முடியாது எனக்கு. அதில் பதினைந்தில் ஆண்கள்! நாங்கள் மதுரைக்குப் போன காலத்தில், அந்த லேடி டாக்டர் வராந்தாவில் நான் ஒருவன்தான் ஆம்பளை. மற்ற புருஷன்மார்களெல்லாம் டீக்கடையில்.

ஆமாம், நாங்களும் அலைந்தோம். வீட்டில் பதினோரு பேர். நானும், இப்போது இல்லாத என் மனைவியும் தனியாகப் பேசிக்கொண்டதே டாக்டரிடம் போகிற நாட்களில்தான். கம்பம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் சீட் பிடித்தால் மதுரை வரை பேச்சு. திரும்பும்போது ஆளுக்கொரு நெய் ரோஸ்ட், அவளுக்கு ஒரு முழம் மல்லிகை. டாக்டர் எனக்கும் டெஸ்ட் எழுதினார். செய்துகொண்டேன் — அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் மகள் பிறந்தாள். மதுரைப் பயணம் நின்றது. "அந்த டாக்டரம்மா இன்னும் ரெண்டு வருஷம் இழுத்திருக்கலாம்" என்பாள் என் மனைவி, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே!

சரி, தேனிக்கு வருவோம். டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினார். ஸ்கேன், ரத்தம், கருக்குழாய் — எல்லாம் கவிதாவுடையது. எல்லாம் நார்மல்.

"உங்க ரிப்போர்ட் எங்கே?" என்று பாண்டியைக் கேட்டார்.

"எனக்கு எதுக்கு மேடம்? நான் நல்லாத்தான இருக்கேன்..."

டாக்டர் அவனுக்கும் ஒரு டெஸ்ட் எழுதினார். வெளியே வந்ததும், "வாங்க பெரியப்பா, ஊருக்குப் போவோம்" என்றான். கவிதா நகரவில்லை.

"கொடி காய்க்கலேன்னா மண்ணை அள்ளிக்கிட்டு டெஸ்டுக்கு ஓடுறீக. தண்ணியப் பாட்டில்ல பிடிச்சிக்கிட்டு ஓடுறீக. இங்கன மட்டும் ஆறு வருஷமா கொடியவே வெட்டிக்கிட்டு இருக்கீகளே!"

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். தன் மனைவியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கவிதா குரலைத் தணித்தாள். "உங்கம்மா வேற பொண்ணு பாக்கப் போறாகளாம். அவளையும் இங்கனதான் கூட்டிட்டு வரணும், பாத்துக்கங்க."

"ஏலே, நான் அந்தக் காலத்துலயே குடுத்தேன்டா. மீசையா உதிர்ந்து போச்சு?" என்றேன். என்னைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். டெஸ்டுக்குப் போனான்.

மதியம் ரிப்போர்ட். உயிரணுக்களின் எண்ணிக்கை குறைவு. வாழ்நாளெல்லாம் எதையாவது எண்ணியே வந்த நான் எண்ணாமல் விட்டது இதைத்தான்!

"தோட்டத்துக்கு மருந்து நீங்களே அடிக்கிறீங்களா? மாஸ்க், கையுறை?" என்றார் டாக்டர்.

"துண்டைக் கட்டிக்குவேன் மேடம்..."

அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம். மருந்தடிப்பதை நிறுத்திவிட்டு, மாத்திரையோடு மூன்று மாதம். பிறகு மறுபடி டெஸ்ட். தேவைப்பட்டால் உயிரணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. அதுவும் கைகொடுக்காவிட்டால்தான் வெளியே கருவை உண்டாக்கி உள்ளே வைக்கும் ஐ.வி.எஃப். எடுத்த எடுப்பில் பெரிய வைத்தியத்துக்கு ஓட வேண்டாம் என்றார். எல்லாம் நல்ல தமிழில்! என் இங்கிலீஷுக்கு வேலையே இல்லை.

படியிறங்கும்போதே பாண்டி போனை எடுத்தான். "எம்மா... கொறை எனக்குத்தானாம். இனிமே அவள ஒரு வார்த்தை சொல்லக் கூடாது." கவிதா மருந்துக் கடை போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். படிப்பது போலத் தெரியவில்லை.

பஸ்ஸில் இருவரும் முன்னால் போய் இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். "அடுத்த தடவை நாங்களே போய்க்கிறோம் பெரியப்பா. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" என்றான் பாண்டி, திரும்பிப் பார்த்து. சின்னமனூர் தாண்டியும் பேச்சு ஓயவில்லை அவர்களுக்கு.

நான் மூன்று பேர் சீட்டில். பக்கத்தில் இரண்டு இடம் காலி... எனக்கு ஒன்று நிறைந்திருந்தால் போதும்.