நல்ல வார்த்தை கேட்ட நாலு நாள்

திண்டுக்கல் நாகல் நகர்க் கருப்பம்மாளுக்குக் கவலைப்படுவது ஒரு பழக்கமல்ல, உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. ஆனாலும் ஒரு நாள் பிந்திப் போனதில்லை. மழை பெய்தால் பின்சுவர் விழுந்துவிடுமோ என்று கவலை. பெய்யாவிட்டால் கிணறு வற்றிவிடுமோ என்று. வடமதுரையில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் கடிதம் போட்டால், என்ன நடந்ததோ போட்டிருக்கிறாளே என்பாள். போடாவிட்டால், என்ன நடந்ததோ போடவில்லையே என்பாள். எந்தக் கவலையும் அகப்படாத நாட்களும் வரத்தான் செய்தன. அன்றைக்கு, இப்படி ஒன்றுமே இல்லாமல் இருக்கிறதே, பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று உட்கார்ந்து யோசிப்பாள்.

இவ்வளவு பெரிய பொறுப்பில் அவள் கவலைப்படாமல் விட்டுவைத்திருந்த ஒரே பொருள் அவளுடைய புருஷன் பெருமாள்சாமி.

பெருமாள்சாமி தந்தி ஆபீசில் சேவகர். காக்கிச் சட்டையோடு அவருடைய சைக்கிள் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், தந்தி எந்த வீட்டுக்கு என்று தெரிவதற்கு முன்னாலேயே நாலு வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். உறையை நீட்டுவார், கையெழுத்து வாங்குவார், திரும்பி வந்துவிடுவார். வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிற இலாகாவில் இருபத்தாறு வருஷம் இருந்த மனுஷன், வார்த்தையின் அருமை தெரிந்தவர். வீட்டில் அவர் பேசியவை மொத்தம் நாலு: "வாரேன்", "சோறு", "போதும்", "வெளக்க அமத்து." கலியாணம் ஆகி இருபத்து நாலு வருஷமாக இந்த நாலும் கூடாமல் குறையாமல் வந்துகொண்டிருந்தன. சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி அது ஒரு தைரியம் கருப்பம்மாளுக்கு.

அந்தத் தைரியம் போனது அறுபத்து மூன்றாம் வருஷத்துப் பொங்கலில்.

முதல் அபாய அறிகுறி, அவர் பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பண்டிகைக்கு லீவு போடாதவர். இரண்டாவது அறிகுறி போகியன்று காலையில் வந்தது. கருப்பம்மாள் வீட்டுக்கு வெள்ளையடித்து, பழைய பாயைக் கொளுத்தி, வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டிவிட்டு, அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"காப்பி நல்லாருக்கு" என்றார்.

கருப்பம்மாள் அடுப்படிக்குப் போய் மிச்சக் காப்பியைக் குடித்துப் பார்த்தாள். வழக்கமான காப்பிதான். சந்தேகத்தோடு திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னீக?"

"நல்லாருக்குன்னேன். இம்புட்டு வருசமும் நல்லாத்தான் இருந்திருக்கு. நாந்தான் சொல்லல."

அவர் நெற்றியில் சுண்ணாம்பு பட்டிருக்கிறது என்று சொல்லி, துடைக்கிற சாக்கில் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. காய்ச்சலாவது இருந்திருந்தால் கஷாயம் வைத்திருக்கலாம். காய்ச்சல் இல்லாமலே இப்படிப் பேசுகிற மனுஷனுக்கு என்ன வைத்துக் கொடுப்பது?

மறுநாள் பெரும்பொங்கல். கருப்பம்மாளின் தம்பி முத்துச்சாமி நிலக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் பொங்கல் சீர் கொண்டுவந்தான். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு, வாழை இலையில் பொதிந்த மல்லிகை. வருஷா வருஷம் கொண்டுவருகிறவன்தான். பெருமாள்சாமி தலையை ஒரு விரற்கடை அசைப்பார், அதுதான் வரவேற்பு. அந்த வருஷம் அவர் எழுந்து வாசலுக்கே போய், கரும்புக் கட்டைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார்.

"வாங்க மாப்ள. ஒரு வருசம் தவறாம வந்துர்றீக. ஒங்க அக்காளுக்கு நீங்க செய்யிற மாதிரி யாரு செய்வா?"

முத்துச்சாமி கூப்பிய கையோடு அப்படியே நின்றுவிட்டான். பிறகு நேரே அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்:

"அக்கா, மச்சானுக்கு என்ன? எங்கிட்ட எதுவும் கேக்கப் போறாரா? கெணத்தடி வயல் பங்காளிக கூட்டுல இருக்கக்கா, சொல்லிப்புடு."

"வயலாவது ஒன்னாவது! நேத்திருந்து இப்பிடித்தான்டா பேசுறாரு."

"அப்ப வேற எவளாச்சும்..."

"ஏலே, நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவு! இவரு எவகிட்டப் போயி என்னத்தப் பேசி மயக்குவாரு? நாலு வார்த்தைக்கு அஞ்சாவது வார்த்த தெரியாத மனுசன்."

"இப்பத்தான் தெரிஞ்சுபோச்சேக்கா" என்றான் முத்துச்சாமி. அவள் வெல்லத்தை எடுத்து இடிக்கத் தொடங்கினாள்.

முற்றத்தில் பானை பொங்கியது. முத்துச்சாமி "பொங்கலோ பொங்கல்" என்று கூவினான். பெருமாள்சாமி சூரியனைப் பார்த்துக் கும்பிட்டார். அது எல்லாரும் செய்வது. கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே பெண்டாட்டி பக்கம் திரும்பியதுதான் யாரும் செய்யாதது.

"நீ இல்லாட்டி நா என்ன ஆகியிருப்பேன்னு தெரியல, புள்ள."

அகப்பை கையிலிருந்து நழுவிப் பானைக்குள் விழுந்தது. முத்துச்சாமி கரும்பைக் கடித்த வாயை மூட மறந்தான். கருப்பம்மாளுக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு மனுஷன் காரணமில்லாமல் பெண்டாட்டியைக் கும்பிட மாட்டான். இவர் விடைபெறுகிறார். ஏதோ ஒரு பெரிய வியாதி வந்திருக்கிறது, டாக்டர் நாள் குறித்துவிட்டார், நம்மிடம் மறைக்கிறார்.

தம்பியைப் பஸ் ஏற்றிவிட்டு, ஒரு தூக்குச் சட்டியில் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவியிடம் போனாள். ஜெய்தூனின் புருஷன் அப்பாஸ் தோல் ஷாப்பில் வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவே பொங்கலும் பெருநாள் பிரியாணியும் சுவரேறிப் போய்வந்துகொண்டிருந்தன. கவலைகளும் அதே வழியாகத்தான்.

"பயப்படாதீக கருப்பக்கா" என்று தொடங்கினாள் ஜெய்தூன். அப்படித் தொடங்கினாலே பயம் வந்துவிடும். "எங்க பெரியத்தாவும் இப்பிடித்தான். வாழ்நாளெல்லாம் ஒருத்தர் மொகத்தப் பாத்துப் பேசினதில்ல. மவுத்தாகுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எல்லாரையும் ஒவ்வொருத்தரா கூப்புட்டு, நீ நல்லவ, நீ நல்லவன்னு சொன்னாரு. எங்க மாமியாளையே நல்லவன்னு சொன்னாருன்னா பாத்துக்கங்களேன். அப்பவே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"ஆத்தாடி!"

"ஆனா அவருக்குத் தொண்ணூத்தி ரெண்டு வயசுக்கா."

வயசு கருப்பம்மாளின் காதில் விழவில்லை. அவள் பாதி வாசல் தாண்டியிருந்தாள்.

மகளுக்குச் சொல்லியனுப்பலாமா என்று யோசித்தாள். அவசரத்துக்குத் தந்திதான் உண்டு. தந்தி ஆபீசில் இருக்கிறவர்கள் எல்லாரும் அவருடைய கூட்டாளிகள். 'அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வா' என்று எழுதிக் கொடுத்தால், தான் வீடு திரும்புவதற்குள் அவருக்கு முடியவில்லை என்கிற சேதி அவரிடமே வந்து சேர்ந்துவிடும். திண்டுக்கல்லிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தந்தி கொடுக்க வழியில்லை.

மாட்டுப்பொங்கல் விடிந்தது. வீட்டில் மாடு கிடையாது. பெருமாள்சாமி சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, சீயக்காய் போட்டுக் கழுவினார். ஹாண்டில்பாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, அதன் முன்னால் இலை விரித்துப் பொங்கல் வைத்தார். சீட்டைத் தடவிக்கொடுத்து, "இதுவும் கூடச் சேந்து ஒழைச்சதுதான" என்றார். கருப்பம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சைக்கிளிடமும் சொல்லிக்கொண்டாகிவிட்டது. இனி யார் பாக்கி?

அவர் அதோடு நிற்கவில்லை. அரைஞாண் கயிற்றிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்தார். அவருடைய தகரப் பெட்டிச் சாவி. பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவர், கலியாணமான நாளிலிருந்து அந்தச் சாவியைக் குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. அதை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இது ஒங்கிட்டயே இருக்கட்டும்."

"எனக்கெதுக்கு? நீங்களே வச்சுக்கங்க!"

"இருக்கட்டும் புள்ள. எங்கிட்டயே பூட்டி வச்சுக்கிற சோலி இனிமே வேணாம்."

இனிமே வேணாம். அந்த வார்த்தையைக் கருப்பம்மாள் இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அவர் குளிக்கப் போனதும் பெட்டியைத் திறந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும், மருந்துப் புட்டி இருக்கும் என்று அடிவரை துழாவினாள். இரண்டு காக்கிச் சட்டைகள், ஒரு சைக்கிள் பெல் மூடி, அரை டஜன் நட்டு, ஒரு பாச்சை உருண்டை. இருபத்து நாலு வருஷமாகப் பூட்டிக் காத்த பொக்கிஷம் இதுதான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். சீட்டைப் பெட்டியில்கூட வைக்காமல் வேறெங்கோ ஒளித்திருக்கிறார் என்றால் வியாதி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று நினைத்து அழுதாள்.

காணும்பொங்கலன்று காலையில் ஜெய்தூன் வழி கண்டுபிடித்தாள். அவளுடைய மாமு ரஹ்மத்துல்லா பேகம்பூரில் டாக்டர். ஊரெல்லாம் பொங்கலுக்குக் கதவைச் சாத்தினாலும் அவர் திறந்துவைத்திருப்பார். கூட்டிப்போவதற்கு என்ன காரணம் சொல்வது?

"ஒங்களுக்குச் சரியில்லன்னு சொல்லுங்கக்கா. இப்ப இருக்குற இருப்புக்கு அண்ணன் தூக்கிட்டே ஓடுவாரு."

அப்படியே நடந்தது. "நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க" என்று கருப்பம்மாள் சொன்னாள். அது பொய்யுமல்ல. பெருமாள்சாமியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு ஓடி, குதிரை வண்டியோடு திரும்பி வந்தார். அவருக்கு மூச்சு இரைத்தது. இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று கருப்பம்மாள் மனசில் குறித்துக்கொண்டாள்.

டாக்டர் ரஹ்மத்துல்லா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "என்ன தாயி செய்யுது?" என்றார்.

"எனக்கில்ல டாக்டரய்யா. இவரப் பாருங்க."

"எனக்கென்ன? இவளுக்குத்தான் நெஞ்சு..." என்று எழுந்தார் பெருமாள்சாமி.

"ஒக்காருங்க! மறைச்சது போதும்." கருப்பம்மாள் அவர் தோளை அமுக்கி உட்காரவைத்தாள். "டாக்டரய்யா, இவரு நாலு நாளா நல்லாப் பேசுறாரு."

டாக்டர் காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். "நல்லாப் பேசுறாரு. ம். எப்ப இருந்து?"

"போகியிலருந்து."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நேரங்காலமே இல்லைங்க. காப்பி நல்லாருக்குங்கிறாரு. தம்பிகிட்ட நல்லபடியா பேசுறாரு. சைக்கிளுக்கு மால போட்டாரு. பொங்கப் பானைக்கு முன்னாடி என்னயப் பாத்துக் கும்புட்டாரு."

"கும்புட்டாரா?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது சாதாரணக் கேஸ் அல்ல என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். பெருமாள்சாமியைப் படுக்கவைத்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், வயிற்றை அமுக்கினார், நாக்கை நீட்டச் சொன்னார், முழங்காலில் தட்டினார், கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். கருப்பம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"நம்ம மலைக்கோட்டை மாதிரி இருக்காரு" என்றார் டாக்டர். "உடம்புல ஒன்னுமில்ல. ஏம்ப்பா, நீயே சொல்லு. எதுக்கு இப்படி நல்லாப் பேசித் தொலைக்கிற?"

பெருமாள்சாமி சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"மார்கழிக் கடைசியில ஒரு தந்தி கொண்டுபோனேங்க. மலையடிவாரத்துல ஒரு பலசரக்குக் கடைக்காரரு. அவரு சம்சாரம் பொறந்த வீட்டுக்குப் போன எடத்துல தவறிருச்சு. ஆயிரம் தந்தி குடுத்திருக்கேன். எல்லாரும் அழுவாக, நா வந்துருவேன். இவரு அழுகல. என் கையப் புடிச்சுக்கிட்டு விடல. 'அவ பஸ் ஏறையில, சாவிய எங்கடி வச்சன்னுதான்யா கேட்டேன். அதான்யா கடைசியா பேசினது'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு." இடுப்பில் சாவி தொங்கிய இடத்தைத் தடவினார். "நா அதுகூடக் கேட்டதில்லைங்க. சாவி எங்கிட்டயே இருந்துச்சு."

டாக்டர் எழுதிய காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

கருப்பம்மாள் மூக்கைச் சிந்தினாள். பிறகு சண்டைக்கு வந்தாள்.

"அதச் சொல்லிட்டுச் சொல்றதுக்கென்ன? ஒரு மாசத்துக்கு ஒன்னுன்னு மெதுவாச் சொல்லியிருந்தா நா தாங்கியிருக்க மாட்டனா? இருபத்து நாலு வருசத்துக்கு உண்டானத நாலு நாள்ல கொட்டுனா, ஒரு பொம்பள என்னன்னு நெனைப்பா?"

"தெரியல புள்ள. பழக்கமில்ல."

"தாயி, சத்தம் போடாதீக. இப்படி ஒக்காருங்க" என்றார் டாக்டர். வந்ததற்கு அவளையும் பார்த்துவிடலாம் என்று பட்டையை அவள் கையில் சுற்றினார். ஒரு தடவை பார்த்தார். மறுபடி பார்த்தார். "உங்களுக்குத்தான் பிரஷர் இருக்கு. கூடுதலா இருக்கு. உப்பக் கொறைக்கணும். மாத்திரை எழுதித் தாரேன், விடாம சாப்பிடணும். அடுத்த வாரம் கட்டாயம் வந்து காட்டணும்."

பெருமாள்சாமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரய்யா, பெருசா எதும்..." என்று தொடங்கி முடிக்கவில்லை.

"ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டா பெருசு இல்ல" என்றார் டாக்டர்.

திரும்பும்போது வண்டியில் ஏற்றுவதற்காக அவள் முழங்கையைப் பிடித்தவர், ஏறிய பின்னும் விடவில்லை. காணும்பொங்கல் கூட்டம் புதுத் துணியும் கரும்புமாக மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"விடுங்க. ஊரே பாக்குது."

"பாக்கட்டும்" என்றார். மறு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டார்.

கருப்பம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நாகல் நகர்த் தெருமுனை வந்ததும்தான் இழுத்துக்கொண்டாள். அங்கே ஜெய்தூன் பீவி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா சொன்னாரு எங்க மாமு?" என்று வண்டிக்குக் குறுக்கே ஓடி வந்தாள்.

கருப்பம்மாளின் முகத்தில் நாலு நாளாக இல்லாத தெளிவு வந்திருந்தது.

"இவருக்கு ஒன்னுமே இல்லையாம், ஜெய்தூனு" என்றாள். "நல்லவேள, எனக்குத்தான்."