வெறும் வயிறு

நெல் ஏலம் போகும் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் முப்பது வருஷம் நெல் மூட்டை தூக்கிய ராஜாங்கத்தின் மகள் மணிமொழி, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தக் கொழுப்பைப் படம் பிடிக்கிறாள். கொழுப்பு ரத்தத்தில் தனியாக ஓடாது. புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பொடிப் பொடி உருண்டைகளாகப் போகும். அவற்றின் அமைப்பைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். மகள் ரத்தத்தையே போட்டோ எடுக்கிறாள் என்று ராஜாங்கம் டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவைத்திருந்தார்.

போன வருஷம், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் தேவைப்பட்டது. ஊருக்கு வந்து பத்துப் பேரிடம் எடுத்தாள். முதலில் கை நீட்டியவர் அவள் நைனா என்று கூப்பிடும் அப்பாதான். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சாப்பிட்டால் ரத்தத்தில் பெரிய உருண்டைகள் வந்துவிடும். பட்டினி கிடந்தால் அவை காணாமல் போகும்.

ஒன்பது பேர் படமும் ஒழுங்காக இருந்தது. நைனாவின் படத்தில் மட்டும் பெரிய பெரிய உருண்டைகள். அன்று விடியற்காலையில் அவர் கமிட்டிக்குப் போய்விட்டு வந்துதான் ரத்தம் கொடுத்தார். நாலு வடையும் டீயும் உள்ளே போகாமல் மூட்டையில் கை வைக்காத மனிதர் என்று அவளுக்குத் தெரியாதா? போன் போட்டாள்.

"நைனா, வட தின்னுட்டுத்தான வந்த?"

"இல்லம்மா. பச்சத்தண்ணி பல்லுல படல."

அவள் நம்பவில்லை. உன்னால் என் வேலை கெட்டது என்று எரிந்து விழுந்தாள். அவர் வாதாடவில்லை. அப்படியானால் என்னுடையதை விட்டுவிடு என்றார், அவ்வளவுதான். படத்தை அழித்தாள். கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது எழுபதாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவிக்கும் சேர்த்துத்தான். படித்தவளுக்கு அது உறைக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, கமிட்டி வாசலில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ராஜாங்கம் எழுந்திருக்கவேயில்லை.

கருமாதிக்கு வந்த இளையபெருமாள், அவரோடு மூட்டை தூக்கியவர், பேச்சுவாக்கில் சொன்னார்: "நீ ரத்தம் எடுத்த அன்னிக்கு ரெண்டு மூட்டைலயே கிறுகிறுன்னு வந்து உக்காந்துட்டான். ஒரு டீயாவது குடிடான்னு சொன்னேன். எம்பொண்ணு படிப்பு கெட்டுடும்னுட்டான்."

பட்டினி கிடந்தும் அந்த உருண்டைகள் போகவில்லையென்றால் அது பரம்பரையாக வரும் நோய், மாரடைப்பில் கொண்டுபோய் விடும். மருந்து உண்டு. இதைப் படித்துத்தான் மணிமொழி பட்டமே வாங்கினாள்.

சென்னை திரும்பியதும், பதினாலு மணி நேரம் பட்டினி கிடந்து தன் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தாள். அதே பெரிய உருண்டைகள். படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். சோதனைக்கு முன் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். அவர் மறு கேள்வி கேட்காமல் நம்பினார்.