ரம்யா பூட்டிட்டுப் போயிட்டா

இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூ. நான் குளிச்சிட்டிருக்கும்போது, ஃப்ளாட்டில் கூட இருக்கிற ரம்யா வெளியே பூட்டுப் போட்டுட்டு பட்டான்செருவுக்கு வேலைக்குப் போயிட்டா. அவ வேலை பாக்குற லேபுக்குள்ள ஃபோன் எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கிறதால, கூப்பிடவும் வழியில்ல.

பால்கனியில நின்னு கத்தினேன். கீழ்வீட்டு ஓனர், ராணுவத்துல சுபேதாரா இருந்து ரிட்டையர் ஆனவர், சுத்தியலோட வந்து பூட்டை உடைச்சப்ப மணி பதினொண்ணு. இன்டர்வியூ போச்சு.

சாயங்காலம் வந்தவகிட்ட, "பாத்ரூம்ல தண்ணிச் சத்தம் கேக்கலையா?"ன்னு கேட்டேன்.

"கேட்டுச்சுடி. நீ குழாயை மூடாம கிளம்பிட்டேன்னு நெனச்சு, உன்னைத் திட்டிக்கிட்டேதான் பூட்டினேன்."

கத்தலாம்னு வாயைத் திறந்தேன். போன மாசம் எனக்கு டைஃபாய்டு வந்தப்ப, லீவு போட்டு நாலு நாள் கஞ்சி வச்சுக் கொடுத்ததும் இவதான்.

ரூம்மேட் இருக்கிறவங்க சொல்லுங்க: இதுக்கு எத்தனை நாள் பேசாம இருக்கலாம்?