வெல்வெட் பாயும் பிஸ்தாவின் வாலும்

கோட்டைமேட்டில் அனீஸ் பாயைத் தெரியாத தையல்காரர் இல்லை. டவுன்ஹால் பக்கம் கையகலக் கடை. விற்பது வெல்வெட் மட்டும். துணியை விரித்ததும், இழையெல்லாம் நிமிரும்படி எதிர்ப்பக்கமாகத் தடவிக் காட்டுவார். அப்போதுதான் அடர்த்தி தெரியுமாம். வருடக்கணக்காகத் தடவி, அவர் கைக்கு நேர்ப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

அந்தக் கையால்தான் பூனையையும் தடவினார்.

பூனை பிஸ்தா, அவர் மகள் ரம்ஷாவுடையது. பாய்க்கும் அதன்மேல் கொள்ளை ஆசை. வாலிலிருந்து கழுத்துவரை ஒரே இழுப்பு. பிஸ்தா கடித்தது. மறுநாளும் தடவினார், மறுநாளும் கடித்தது. எதிர் வீட்டு மாடியிலிருந்து நான் ஸ்கோர் சொன்னேன்.

"இன்னொருக்கா கடிச்சா சூலூருக்கு, மச்சான் தறிக்குடோனுக்கு அனுப்பிப்போடுவேன், ஆமா!" என்று கத்தினார் பாய்.

சும்மா சொல்லவில்லை. கயிறு கட்டிய கூடை ஒன்று கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. ரம்ஷாவை வெறுப்பேற்றலாம் என்று போன நான், அவள் மூக்கு சிவந்திருப்பதைப் பார்த்து, கொண்டுபோன பிளாஸ்டிக் பல்லியைப் பாக்கெட்டிலேயே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். பாய் சோபாவில் உட்கார்ந்து தொடையைத் தட்டினார். பிஸ்தா ஏறிப் படுத்தது. கை வால் பக்கம் போனது. செத்தோம்!

"அத்தா, மூஞ்சியில இருந்து தடவுங்க," என்றாள் ரம்ஷா.

கை திரும்பியது. கன்னம், தாடை, காதடி. பிஸ்தா கண் சொக்கி மல்லாந்தது. பாய் முகத்தில் பெருநாள் களை. உடனே வயிற்றுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"வேண்டாங்கத்தா! வயித்தக் காட்டுனா நம்மள நம்புதுன்னு அர்த்தம். தொடச் சொல்லல!"

பிஸ்தா புரண்டு எழுந்தது. வால் நுனி சோபாவைப் படபடவென்று அடித்தது, முதுகுத்தோல் அலையாக ஓடியது, காதுகள் பக்கவாட்டில் சாய்ந்தன.

"கொஞ்சுனா கோவிக்குது, என்ன ஜென்மமோ!"

"அத்தா, கடைக்கு வந்த அக்கா துணிய உட்டுப்போட்டு வாசலப் பாத்தா என்ன பண்ணுவீங்க?"

"பேச்ச நிறுத்திருவேன். மேல பேசுனா எந்திரிச்சுப் போயிரும். சும்மா உட்டா அதாவே திரும்பும்."

"இதும் வாசலத்தான் பாக்குது."

பாயின் கை அந்தரத்தில் நின்றது. மெல்ல இறங்கி முழங்காலில் உட்கார்ந்தது. பிஸ்தா குதித்துக் கூடைப் பக்கம் போனது. பாய் கூப்பிடவில்லை.

தொங்கிய கயிறு லேசாக ஆடியது. பிஸ்தா பதுங்கியது. கண்மணி அகன்று கறுத்தது, பின்பக்கம் இடமும் வலமும் ஆடியது.

"இது கோவமாடா?" என்று என் காதில் கேட்டார் பாய்.

"ஆட்டத்துக்குக் கூப்புடுதுங்க மாமா! கைய நீட்டாதீங்க, கயித்த இழுங்க!"

கயிற்றை அவிழ்த்து இழுத்தார். பாய்ந்தது பாருங்கள்! லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய் முன்னே ஓட, பிஸ்தா பின்னே பறக்க, ரம்ஷா சோபாமேல் ஏறிக் கத்த, நான் விசிலடிக்க, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

பாய் மூச்சு வாங்கி உட்கார்ந்தார். பிஸ்தா வாலைக் கொடிக்கம்பம்போல் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. அவர் தடவவில்லை. ஒரு விரலை மட்டும் நீட்டினார்.

"தொடட்டுமா கண்ணு?"

பிஸ்தா கன்னத்தை அதில் வைத்துத் தேய்த்தது.

"கூடைங்க மாமா?" என்றேன்.

"உங்கூட்டுக்கு எடுத்துட்டுப் போ, வெங்காயம் போட்டுக்கங்க."

எடுத்துவந்தேன். கயிற்றை மட்டும் தர மாட்டேன் என்றுவிட்டார்.