கஸ்தூரிக்குச் சரியாக இருந்த பூட்ஸ்

கஸ்தூரியை ஏமாற்றிச் சொத்தைக் கத்தரிக்காய் விற்ற வியாபாரி பாகூர்ப் பக்கம் ஒருத்தனும் கிடையாது. அவள் வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருந்தவருடைய மகள், தராசுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். பாகூர் ஏரிப் பாசனத்தில் கரும்பு வைத்திருந்த சிங்காரவேலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கடைக்காரர் பொண்ணு கழனியில் கால் வைக்குமா என்று ஊரே கேலி பேசியது. முப்பது வருஷத்தில் அந்தக் கழனியில் அவள் கால் படாத இடம் ஒரு சாண் கூட மிச்சமில்லை. சிங்காரவேலு மடை மாற்றுவார், உரம் வாங்கப் போவார், மில்லுக்கு அலைவார். குனிந்து செய்கிற வேலை எல்லாம் அவள் தலையில்தான். கூடமாட உதவிக்குக் கூலிக்கு வருகிற காசம்மாள் இருந்தாள்.

குனிந்து செய்கிற வேலையில் மோசமானது சோகை உரிப்பது. கரும்பின் காய்ந்த தோகையை உரித்து உரித்துக் காலடியில் போட்டுக்கொண்டே போக வேண்டும். அது கணுக்காலை மூடிக் கிடக்கும். கண்ணாடி விரியனும் அதே சருகு நிறம்தான், படுத்திருந்தால் தெரியவே தெரியாது. அந்த வருஷம் ஆடியில் காசம்மாள் ஒரு கத்தைச் சருகைத் தள்ளினபோது அடியில் பாம்புச் சட்டை கிடந்தது. புதுசு, ஈரம் கூடக் காயவில்லை. அன்றையிலிருந்து கஸ்தூரிக்குப் பயம் வந்துவிட்டது. எதற்கும் பயப்படாதவள் பயந்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் தெரியும். சிங்காரவேலும் சிரித்தார்.

சிரித்தாலும் ஆம்பளை சைஸில் தொளதொளவென்று ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பதினைந்து நாளில் கரும்புக் கட்டை குத்தி அடிப்பாகம் கிழிந்துபோனது.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக வில்லியனூர் போனார்கள். சாப்பிட்டுவிட்டு மார்க்கெட் வழியாக வரும்போதுதான் கஸ்தூரி அந்த பூட்ஸைப் பார்த்தாள். ஊர் சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் ரூமைக் காலி பண்ணும்போது விட்டுவிட்டுப் போகிற பை, செருப்பு, சட்டை எல்லாம் வாங்கித் தார்ப்பாயில் பரப்பி விற்கிற பாக்யராஜ் கடை. கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் உயரம், பழுப்புத் தோல். மலை ஏறுகிறவர்களும் காட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர்களும் போடுகிறது என்றான் பாக்யராஜ். பாம்பு கொத்தினால் பல்லுதான் உடையும் என்றும் சேர்த்துச் சொன்னான். பொம்பளை சைஸ் என்பதால் ஒரு வருஷமாக விலை போகாமல் கிடந்தது.

பழைய பூட்ஸ் வாங்கலாமா கூடாதா என்று அங்கே அரை மணி நேரம் பஞ்சாயத்து நடந்தது. செத்தவங்க காலாக இருந்தால் என்ன செய்வது என்று சிங்காரவேலு கேட்டார். சாகிறவங்க பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சாவாங்களா என்று கஸ்தூரி கேட்டதும் பாக்யராஜே சிரித்துவிட்டான். அவள் அடிப்பாகத்தை மடக்கிப் பார்த்தாள். பசை விட்டிருக்கிறதா என்று ஓரமெல்லாம் நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே கையை விட்டுத் தடவி, முகர்ந்து கூடப் பார்த்தாள். கத்தரிக்காய்க்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. விலையையும் அவள் சொன்ன இடத்துக்கே இறக்கிவிட்டாள்.

அப்புறம் காலை விட்டாள். பாதி போயிற்று, அதற்கு மேல் போகவில்லை. காரணம் மெட்டி. சிங்காரவேலு கல்யாணத்தன்று அம்மி மேல் வைத்து அவள் விரலில் போட்டுவிட்ட, மூன்று சுற்று கெட்டி வெள்ளி மெட்டி. கஸ்தூரி பாக்யராஜ் போட்ட முக்காலியில் உட்கார்ந்தாள். எச்சில் தொட்டு இரண்டு கால் மெட்டியையும் திருகிக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். பூட்ஸ் அச்சில் வார்த்த மாதிரி ஏறிக்கொண்டது. எழுந்து நின்று தரையில் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தாள். புடவைக்கு அடியில் பூட்ஸோடு நின்று, ஐம்பது வயசுக்காரி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிங்காரவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பார்வை முந்தானை முடிச்சிலேயே நின்றது.

"கழனிக்குப் போற நேரம் மட்டும் கழட்டி வச்சிட்டு, வூட்டுக்கு வந்ததும் போட்டுக்கிறேங்க" என்றாள் அவள்.

"நான் இன்னும் சாவலடி" என்றார் சிங்காரவேலு.

கடைத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்தூரி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து மெட்டியைப் போட்டுக்கொண்டு, பூட்ஸைத் துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்தாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றினால் புருஷனுக்கு ஆகாது. அவர் அம்மா சொன்னது, ஊர் சொன்னது. அதில் அவர் தப்பு என்ன என்று கேட்டால் அன்றைக்கு ஒருவரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். தன் உயிருக்குத்தான் அவர் பயந்தார். அவள் உயிரைப் பற்றின பேச்சுதான் அது என்பது அவர் புத்தியில் ஏறவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காசம்மாள் ஓடி வந்தாள். கஸ்தூரியின் வலது காலில், கணுக்காலுக்குக் கொஞ்சம் கீழே, விரியன் கொத்திவிட்டது. அந்த பூட்ஸ் இருந்திருந்தால் பல் அதன் தோலில்தான் பட்டிருக்கும். அவர் துண்டைக் கிழித்துக் காலில் கட்டி, பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் காசம்மாள் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஊசி மேல் ஊசி போட்டார்கள். கால் வாழைத்தண்டு பருமனுக்கு வீங்கிக்கொண்டே போனது. சாயங்காலம் நர்ஸ் ஒரு சின்ன கட்டிங் பிளேயரோடு வந்தாள். மெட்டி விரலை இறுக்குகிறது, ரத்த ஓட்டம் நின்றுவிடும், வெட்டி எடுத்துவிடலாமா என்று கேட்டாள். சிங்காரவேலு உடனே தலையாட்டினார். யோசிக்கக் கூட இல்லை. வெட்டும்போது கஸ்தூரி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். நர்ஸ் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

நாலாம் நாள் சிறுநீரகம் நின்று கஸ்தூரி போய்விட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் பெண்கள் குளிப்பாட்டினார்கள். மஞ்சள் பூசி, பூ வைத்து, கூரைப் புடவை சாத்தினார்கள். பூவும் பொட்டுமாகப் போகிறாள், கொடுத்து வைத்தவள் என்று வந்தவள் போனவள் எல்லாம் சொன்னாள். என்ன கொடுத்து வைத்தாள் அவள், ஒரு ஜோடி பழைய பூட்ஸுக்குக் கூடக் கொடுத்து வைக்காதவள். வெறும் விரலோடு அனுப்பக் கூடாது என்று யாரோ சொல்ல, மகள் நிவேதா கடைக்கு ஆள் அனுப்பிப் புது மெட்டி வாங்கி வரச் சொன்னாள். அது இந்தக் காலத்து மெட்டி. நூல் மாதிரி சன்னமான கம்பி, வாய் திறந்திருக்கும், எந்த விரலுக்கும் நெகிழ்ந்து கொடுக்கும். புருஷன்தான் போட வேண்டும் என்று அவர் கையில் கொடுத்தார்கள்.

சிங்காரவேலு அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இதைப் போட்டுக்கொண்டே அவள் அந்த பூட்ஸுக்குள் காலை விட்டிருக்கலாம். வில்லியனூரில் பாக்யராஜ் கடையிலிருந்து எட்டுகிற தூரத்தில் மூன்று வெள்ளிக் கடை இருந்தது. சாமான் வாங்குவதில் அத்தனை கெட்டிக்காரியான அவளுக்கும் அது தோணவில்லை. தோணுவதற்கு முன்னால் அவர்தான் அவள் வாயை அடைத்துவிட்டாரே. அவர் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து ஆம்பளைகள் எல்லாம் வெளியே போய்விட்டார்கள்.

கருமாதி முடிந்து ஒரு வாரம் கழித்து அவர் வில்லியனூர் போனார். பூட்ஸ் அதே தார்ப்பாயில், கஸ்தூரி துடைத்து வைத்த மாதிரியே இருந்தது. பாக்யராஜ் அடையாளம் கண்டுகொண்டு, அக்கா வரவில்லையா என்று கேட்டான். வரவில்லை என்றார். அவள் இறக்கின விலையையே சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் கரும்பில் மிச்சம் இருந்த சோகையை உரிக்கக் காசம்மாள் வந்தாள். அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார் சிங்காரவேலு. பூட்ஸை எடுத்து வரப்பில் வைத்து, போட்டுக்கோ என்றார். எனக்கு எதுக்குண்ணே என்று அவள் தயங்கினாள். அவர் மறுபடியும் சொன்னார். காசம்மாள் புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அவள் விரலில் தடுக்க ஒன்றும் இல்லை. கால் ஒரே தள்ளில் உள்ளே போய்விட்டது. நாடாவைக் கட்டத் தெரியாமல் அவள் முழிக்க, சிங்காரவேலு வரப்பில் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு காலுக்கும் இறுக்கிக் கட்டிவிட்டார். அவள் கூசிப்போய் நின்றாள்.

"கச்சிதமா இருக்குதுண்ணே" என்றாள்.

"அவளுக்கும் கச்சிதமாத்தான் இருந்துச்சி" என்றார் சிங்காரவேலு.